சாப்பாடு இலவசம்தான், ஆனாலும் அந்தப் படிவத்தை நிரப்புங்கள்

இங்கிலாந்தில் பிள்ளையை ரிசப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தைய) வகுப்பில் சேர்க்கும்போது பள்ளி ஒரு கட்டுப் படிவம் தரும். முகவரி, ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கேள்விகளோடு, பல பள்ளிகளில் இன்னொரு தாளும் இருக்கும். அது இலவச மதிய உணவுக்கான விண்ணப்பம். நிறையப் பேர் அதை வெறுமையாகவே திருப்பித் தருகிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. 2014 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷனிலிருந்து இரண்டாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். வருமானமே கேட்பதில்லை. லண்டனில் 2023 முதல் தொடக்கப் பள்ளி முழுவதற்கும் அப்படித்தான். பிறகு எதற்கு விண்ணப்பம்?

பள்ளிக்கு வரவேண்டிய பணத்துக்காக. 'பியூபில் பிரீமியம்' என்ற கூடுதல் நிதி 2011-ல் தொடங்கியது. தொடக்கப் பள்ளி என்றால், தகுதியுள்ள பிள்ளை ஒருவருக்கு இப்போது ஆண்டுக்குச் சுமார் 1,500 பவுண்டு. யாருக்குத் தகுதி என்பதை, வருமானத்தின் அடிப்படையில் இலவச உணவுக்குப் பதிவானவர்களை வைத்தே கணக்கிடுகிறார்கள். ஒருமுறை பதிவாகிவிட்டால், பின்னர் வீட்டு வருமானம் உயர்ந்தாலும் ஆறு ஆண்டுகளுக்கு அந்தப் பிள்ளை கணக்கில் இருக்கும். முன்பு சாப்பாட்டுக் காசு மிச்சமாகும் என்பதால் பெற்றோர் தாமே விண்ணப்பித்தார்கள். எல்லோருக்கும் இலவசம் என்றானதும் அந்தத் தேவை போயிற்று. நிதியும் நழுவத் தொடங்கியது. அதனால்தான் பள்ளிகள் இந்தத் தாளைச் சேர்க்கைப் படிவத்தோடு இணைக்கின்றன. எல்லாப் பெற்றோரிடமும் கேட்பதால் யாரும் கூச்சப்படவும் வேண்டியதில்லை.

நிரப்புவது எளிது. பெற்றோரின் குடும்பப் பெயர், பிறந்த தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எண் போதும். தஞ்சம் கோரி அரசு உதவியில் இருப்பவர்கள் அதற்குரிய எண்ணைத் தரலாம். முடிவுக்குக் காத்திருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்வித் துறையின் இணையச் சேவை மற்ற துறைகளின் பதிவுகளோடு ஒப்பிட்டு, தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். சம்பளம் எவ்வளவு என்பது பள்ளிக்குத் தெரியாது. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குவோருக்கு 2018 முதல் உள்ள வரம்பு, வரி போக ஆண்டுச் சம்பாத்தியம் 7,400 பவுண்டு. உதவித்தொகை அதில் சேராது.

சேர்க்கையின்போது கேட்பதில் ஒரு குறை உண்டு. அன்று வேலையில் இருந்த அப்பா அடுத்த ஆண்டு வேலை இழந்தால், அவரைத் தேடி வந்து யாரும் கேட்பதில்லை. வேறு ஊருக்கு மாறினாலும் பெரும்பாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அரசின் ஒரு துறையிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை இன்னொரு துறைக்குப் பெற்றோர் சுமந்துபோக வேண்டும் என்பதே எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஷெஃபீல்ட் போன்ற சில மாநகராட்சிகள் தம்மிடமுள்ள உதவித்தொகைப் பதிவுகளைப் பார்த்துத் தாமே பதிவு செய்கின்றன. வேண்டாம் என்பவர்கள் மட்டும் தெரிவித்தால் போதும்.

யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் 2026 செப்டம்பர் முதல் இலவச உணவு என்று 2025-ல் அரசு அறிவித்தது. பியூபில் பிரீமியத்துக்கு மட்டும் பழைய வரம்பே தொடரும் என்றது. ஆகவே அந்தத் தாளின் வேலை முடியவில்லை. உங்கள் பள்ளி தரும் கட்டில் அது இல்லையென்றால், பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது உள்ளூர் கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்.