மதிய இடைவேளையிற் கிற்றார் பயிலுதல்

கொழும்பு மாநகரிலே மாலையிற் காரியாலயங்கள் கலைந்தபின் காலி வீதியில் ஊர்ந்துவரும் பேருந்துகளைப் பார்த்தால், இசைக்கருவி பயில விரும்பும் உத்தியோகத்தரின் இடர் இன்னதென்பது எளிதிற் புலனாகும். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வந்து சேர்வதற்குள் உடம்பும் மனமும் சோர்ந்துவிடுகின்றன. வீட்டிலோ பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பர். தொடர்மாடியின் ஒற்றைச் சுவருக்கு அப்பால் அயல்வீட்டுக் கைக்குழந்தை உறங்கும். கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்பதால் அங்கும் இதே கதைதான். நாற்பது வயதில் ஆசையோடு வாங்கப்பட்ட கிற்றார், மூன்றாம் மாதத்தில் அலுமாரியின் மேலே ஏறிவிடுகிறது. வீட்டுக்கு வருவோர் அதைப் பார்த்து, "வாசிப்பீர்களா?" என்று கேட்கும்போது, "நேரம் எங்கே இருக்கிறது?" என்ற பதில் வரும். அப்பதில் பாதி உண்மை.

நாளின் நடுவே ஒரு நேரம் எஞ்சியிருக்கிறது. அது மதிய இடைவேளை. தனியார் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோர்க்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமுமே சாதாரண வேலைநேரம் என்று வரையறுத்தது. உணவுக்கும் ஓய்வுக்குமான இடைவேளை அக்கணக்கிற் சேராது. ஆதலின் அது நிர்வாகத்தாரிடம் இரவல் வாங்கும் நேரமன்று. ஊழியரின் சொந்த உடைமை. அதிற் பதினைந்து நிமிடத்தைக் கிற்றாருக்குக் கொடுப்பவர் குற்றவுணர்வு கொள்ளவேண்டியதில்லை. ஆனால் அப்பதினைந்து நிமிடம் இருபத்தைந்தாக நீண்டு, மேசையிலே கோப்பு காத்திருக்குமாயின், சக ஊழியர்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் உண்டு.

உத்தியோகமும் இசையும் ஒருவரிடத்திற் கூடியிருப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. பைலா இசைக்கு இன்றைய வடிவத்தை அளித்தவராகப் போற்றப்படும் வொலி பஸ்தியன் பொலிஸ் சேவையில் இருந்தவர். கடல் கடந்து நோக்கினால், எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் தமிழிலே கீர்த்தனைகள் இயற்றிய கோடீசுவர ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தில் அலுவல் பார்த்தவர். உருசிய நாட்டுப் பொரோடின் இரசாயனப் பேராசிரியர். அவருடைய கதையில் ஒரு துயரமும் உண்டு. 1869இல் அவர் தொடங்கிய 'இளவரசன் ஈகோர்' என்னும் இசைநாடகம் 1887இல் அவர் இறக்கும்போதும் முற்றுப்பெறவில்லை. நண்பர்களே அதை முடித்துவைத்தனர். ஓய்வு கிடைக்கும் காலம் வரட்டும் என்று காத்திருப்போர் எல்லோரும் இதை நினைவிற் கொள்ளலாம்.

பதினைந்து நிமிடத்தில் என்னதான் படிய முடியும் என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கு விடை சங்கீத வித்துவான்களிடமிருந்து அன்று, பிரித்தானியத் தபாற்றிணைக்களத்திலிருந்து கிடைத்தது. தபாற் குறியீட்டு முறை அங்கே புகுத்தப்பட்டபோது தபால் ஊழியர்கள் தட்டச்சுப் பலகையிற் பழக நேர்ந்தது. பட்லி, லோங்மன் என்னும் இரு உளவியலாளர் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம் பழகியது. இரு குழுக்கள் வெவ்வேறு முறையில் இரண்டு மணி நேரம் பழகின. நான்காம் குழு இரண்டு மணி நேரமாக இருமுறை பழகியது. 1978இல் வெளியான முடிவின்படி, செலவிட்ட மணிக்கணக்கை ஒப்பிடும்போது, நாளுக்கு ஒரு மணி பழகியவரே மிகக் குறைந்த மொத்த நேரத்திற் கற்றுக்கொண்டனர். நாட்கணக்கில் மாத்திரம் அவர்கள் பிந்தினர்.

அந்த ஆய்விற் கவனத்துக்குரிய மற்றொரு செய்தி உண்டு. இவ்வளவு சிறப்பாகக் கற்ற அக்குழுவினரே தம் பயிற்சி முறையிற் குறைந்த திருப்தி கொண்டிருந்தனர். மற்றவர் முன்னே போகிறார்கள், தாம் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் அவர்களை வருத்தியது. மதிய இடைவேளையிற் கிற்றார் எடுப்பவருக்கும் நேர்வது இதுவே. விரல் முன்னேறிக்கொண்டிருக்க, மனம் "ஒன்றும் நடக்கவில்லை" என்கிறது. மனத்தின் சொல்லைக் கேட்டே பலர் வாத்தியத்தை அலுமாரியின் மேலே ஏற்றுகின்றனர். பயிற்சியின் திகதியையும், அன்று பழகிய ஒரே ஒரு விடயத்தையும் சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைப்பவருக்கு ஒரு மாதத்தின்பின் அப்புத்தகமே சாட்சி சொல்லும்.

ஒரே ஒரு விடயம் என்பதை வலியுறுத்திச் சொல்லவேண்டும். முழுப் பாட்டொன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுவது பொழுதுபோக்கு, அது பயிற்சியன்று. கிற்றாரிலே 'சி' என்னும் சுரக்கூட்டிலிருந்து 'ஏ மைனர்' என்னும் சுரக்கூட்டுக்கு மாறுவதை எடுத்துக்கொள்வோம். சுட்டுவிரல் இரண்டாந் தந்தியின் முதல் மெட்டிலும், நடுவிரல் நாலாந் தந்தியின் இரண்டாம் மெட்டிலும் அசையாது நிற்கும். மோதிரவிரல் மாத்திரம் ஐந்தாந் தந்தியின் மூன்றாம் மெட்டை விட்டு, மூன்றாந் தந்தியின் இரண்டாம் மெட்டுக்குச் செல்லவேண்டும். இந்த ஒரு விரலின் ஒரு நகர்வே அன்றைய பாடம். மெதுவாகப் பத்து முறை மாற்றி, கையை எடுத்துச் சற்றே இளைப்பாறி, மீண்டும் பத்து முறை மாற்றுவது நன்று. அந்த இளைப்பாறலும் வீணன்று. விரற் பயிற்சியின் தொடக்கத்தில் ஏற்படும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி சில விநாடி ஓய்வுகளின்போதே நிகழ்கிறது என்று 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்து ஆய்வாளர் கண்டறிந்தனர்.

இனி, உணவுக்கு முன்னா, பின்னா என்பது. ஐரோப்பிய நூல்கள் இதைப் பற்றிப் பேசமாட்டா; கரண்டியால் உண்போருக்கு இக்கேள்வி எழாது. கையாற் சோறு பிசைந்து உண்டு, சவர்க்காரம் இட்டுக் கழுவியபின் விரல்நுனி ஊறி மென்மையாகிவிடும். ஊறிய தோலைத் தந்தியில் அழுத்தினால், பல வாரங்களாகச் சேர்ந்த காய்ப்பு உரிந்துபோகும். மெட்டுகளை அழுத்துவது இடக்கை, உண்பது வலக்கை என்று வாதிடலாம். ஆனால் கழுவும்போது நனைவது இரண்டு கையுந்தான். தவிர, உண்டபின் வரும் மந்தத்தில் விரல் சோம்பும். ஆகவே முதலில் வாத்தியம், பின்னரே சோற்றுப் பார்சல். வலக்கை நகத்தை வளர்த்து மீட்டும் முறையை விரும்புவோர், குழம்புச் சோற்றின் நிமித்தம் அந்நகத்தைக் கூடுதலாகப் பேண வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

ஓசை அடுத்த அறைக்குப் போகாதிருக்க, தந்திகளின் அடியிலே பாலத்தின் அருகில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினாற் போதும். சுரம் மங்கி ஒலிக்கும். தவறு மாத்திரம் தெளிவாகக் கேட்கும். பயில்பவருக்கு வேண்டியதும் அதுவே. களஞ்சிய அறையோ மாடிப்படியின் கடைசித் திருப்பமோ இடமாகலாம்; எங்காயினும் மேலதிகாரியிடம் முற்கூட்டியே சொல்லி வைப்பது மரியாதை. தினந்தோறும் பேருந்திலே வாத்தியத்தைச் சுமந்து திரிவது இயலாத காரியம். விலை குறைந்த பழைய கிற்றார் ஒன்றைக் காரியாலயத்திலேயே வைத்திருப்பது உத்தமம். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தில் அதை வைத்தலாகாது. வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று உருக்குத் தந்தியை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். நைலோன் தந்திக்கு அத்தொல்லை இல்லை, தொடக்ககாலத்து விரலுக்கும் அது இதமானது.

இடைவேளையே கிடைக்காத நாட்களும் உண்டு. மாதக் கடைசியிற் கணக்கு முடிக்கும் வாரத்தில் எழுதுவினைஞருக்குச் சாப்பிடவே நேரமிராது. அந்நாட்களில் மாலைப் பேருந்தில் அமர்ந்தோ நின்றோ, விரல்களின் நகர்வை மனத்தினாற் செய்துபார்க்கலாம். கச்சேரி கேட்கும்போது மடியிலே தாளம் போடும் நம்மவர்க்கு இது விநோதமாகத் தோன்றாது. 1995இல் பஸ்குவால்-லியோனே என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், பியானோவில் ஐந்துவிரற் பயிற்சியொன்றை ஐந்து நாட்கள் மனத்தினால் மாத்திரம் பழகியவர்களை ஆராய்ந்தனர். உண்மையில் வாசித்துப் பழகியோரின் மூளையில் நேர்ந்ததை ஒத்த மாற்றம் இவர்களிடமும் காணப்பட்டது. வாசிப்பில் இவர்கள் ஓரளவு பின்தங்கியே இருந்தனர். எனினும் ஒரே ஒரு நேரடிப் பயிற்சியின் பின் அந்த இடைவெளி அடைபட்டது. மனப்பயிற்சி வாத்தியத்துக்கு ஈடாகாது. இழந்த ஒரு வாரத்தை மீட்க அது போதும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். காலை முழுவதும் கணினியில் தட்டச்சுச் செய்த கையே நண்பகலிற் கிற்றாரையும் எடுக்கிறது. இரண்டு வேலையிலும் உழைப்பவை முன்கையின் தசைநார்களே. விரல்நுனியின் எரிவு தொடக்கத்தில் எல்லோர்க்கும் உள்ளது. சில வாரங்களில் மறையும். மணிக்கட்டிலோ முன்கையிலோ நோவு கண்டால், அல்லது விரல் மரத்தால், அன்றே நிறுத்தவேண்டும். அது தொடருமாயின் வைத்தியரிடம் காட்டுவதே முறை. "பழகப் பழகச் சரியாகும்" என்று ஒத்திவைத்தலாகாது. உடலும் உள்ளமும் உண்மையாகவே ஓய்வை வேண்டும் நாளில், இடைவேளையை ஓய்வாகவே கழிப்பதும் அறிவுடைமைதான்.

பதினைந்து நிமிடத் துண்டுகளால் முழுப் பாட்டு தானாக உருவாகிவிடாது. துண்டுகளைத் தைத்துச் சேர்க்க நீண்ட நேரம் ஒன்றும் வேண்டும். அதற்கே போயா தினங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன. பிள்ளைகள் வெளியே விளையாடும் வேளையில், அயல்வீட்டார் வானொலியைத் திறந்துவைத்திருக்கும்போது, கைக்குட்டையை எடுத்துவிட்டு முழு ஓசையோடு வாசிக்கலாம்.