அச்சேறிய ஆய்வையும் திரும்பப் பெறலாம்

மாணவர்களே, ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவருவதற்கு முன் அதே துறையைச் சேர்ந்த வேறு அறிஞர்கள் அதைப் படித்துக் குறை நிறைகளைச் சொல்கிறார்கள். ஆனால், பொதுவாக அவர்கள் பரிசோதனையைத் தாங்களே மீண்டும் செய்து பார்ப்பதில்லை. அதனால் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. பிறகு அவை தெரியவந்தால் என்ன செய்வார்கள்?

அட்டவணையில் ஓர் எண் தவறியிருக்கிறது, ஆனால் ஆய்வின் முடிவு மாறவில்லை என்றால் ஆய்விதழ் ஒரு திருத்தம் வெளியிடும். முடிவையே நம்ப முடியாது என்றால் கட்டுரை மீட்டுக்கொள்ளப்படும். அப்போதும் அதை அழித்துவிடுவதில்லை. 'மீட்டுக்கொள்ளப்பட்டது' என்ற குறியோடும் அதற்கான காரணத்தோடும் அது அங்கேயே இருக்கும். முன்பே அதைப் படித்தவர்களுக்கும் உண்மை தெரிய வேண்டும் அல்லவா?

இதில் தாமதம் ஆபத்தானது. 1998இல் பிரிட்டனின் 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினர். 12 பிள்ளைகளை மட்டுமே ஆராய்ந்த அக்கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வருமோ என்ற அச்சத்தைப் பரப்பியது. பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினர். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. 2004இல் அக்குழுவில் 10 பேர் அந்த விளக்கத்தைக் கைவிட்டனர். இதழ் கட்டுரையை முழுமையாக மீட்டுக்கொண்டது 2010இல்தான். அதற்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தட்டம்மை மீண்டும் நிலைகொண்டுவிட்டது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2018இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பிரான்சஸ் ஆர்னால்ட், நொதிகளைப் பற்றி 2019இல் தம் குழுவினருடன் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே முடிவு மறுபடி கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் புரட்டியபோது முக்கியப் பரிசோதனைகளின் பதிவுகளும் மூலத் தரவுகளும் இல்லை. 2020 ஜனவரியில் கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது. அதைத் தாமே பொதுவில் அறிவித்து மன்னிப்பும் கேட்டார் ஆர்னால்ட்.

மீட்டுக்கொள்ளப்பட்ட எல்லாக் கட்டுரைகளும் மோசடி அல்ல. நேர்மையாக உழைத்தவர்களுக்கும் பிழை நேரும். அது எவ்வளவு விரைவாக வெளியே சொல்லப்படுகிறது என்பதில்தான் அறிவியலின் நம்பகத்தன்மை இருக்கிறது.

அடுத்த முறை இடுபணிக்காக ஓர் ஆய்வை எடுத்தாளும்போது, அது மீட்டுக்கொள்ளப்பட்டதா என்று முதலில் பாருங்கள். உங்கள் பரிசோதனை அளவுகளையும் அவ்வப்போதே, தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.