காப்பு இணைய இணைப்பு

காப்பு இணைய இணைப்பு என்பது ஒரு நிறுவனத்தின் முதன்மை இணைய இணைப்பு தடைப்படும்போது அதன் பணியை ஏற்பதற்காக முன்கூட்டியே அமைத்து வைக்கப்படும் இரண்டாவது இணைப்பு ஆகும். வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் இவ்வேற்பாடு, இன்று சிறு நிறுவனங்களுக்கும் தேவைப்படுகின்றது. 2016 இல் யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறையும், 2018 இல் சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில் முறையும் நடைமுறைக்கு வந்தபின், இணையம் நின்றால் விற்பனையும் சரக்கு அனுப்புதலும் நின்றுவிடும் நிலை தோன்றியுள்ளது.

இணைப்புகளின் எண்ணிக்கையை விட, அவை ஒன்றையொன்று சாராதிருத்தலே முக்கியமானது.

கணக்கீடு

ஓர் இணைப்பு ஆண்டில் 99% நேரம் இயங்குகின்றது எனக் கொள்வோம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் அது 87.6 மணி நேரம், அதாவது மூன்றரை நாட்களுக்கும் மேல், இயங்காதிருக்கும். இதே தரமுள்ள இரண்டாவது இணைப்பு ஒன்று இருந்தால், இரண்டும் ஒருசேரத் தடைப்படும் வாய்ப்பு 0.01 × 0.01 = 0.0001 ஆகும். இது ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடங்கள் மட்டுமே.

இரண்டின் தடைகளும் தனித்தனிக் காரணங்களால் ஏற்பட்டால் மட்டுமே இக்கணக்குப் பொருந்தும். இரு வடங்களும் ஒரே மின்கம்பத்தின் வழியே வந்தால், அக்கம்பம் சாயும் நாளில் இரண்டும் ஒன்றாகவே அறுந்துவிடும்.

பொதுவான தடைப்புள்ளிகள்

* வழி: 2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரு கடலடி வடங்கள் சேதமடைந்ததால் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இணையப் போக்குவரத்து பெருமளவு பாதிக்கப்பட்டது. வடங்கள் வெவ்வேறானவை; ஆனால் அவை சென்ற கடற்பகுதி ஒன்றே. தெருவில் தோண்டப்படும் ஒரே பள்ளத்தில் செல்லும் இரு வடங்களுக்கும் இது பொருந்தும்.
* மேல்நிலை வழங்குநர்: உள்ளூர் நிறுவனங்கள் இரண்டு, ஒரே பெரிய நிறுவனத்திடமிருந்து இணைப்பு வாங்கி விற்கக்கூடும்.
* மின்சாரம்: இரு கருவிகளும் ஒரே மின்னிணைப்பை நம்பியிருத்தல்.
* நெரிசல்: மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவிலுள்ள அழகர்கோவிலில் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வடம் அறுந்தால் செல்பேசி இணையம் அக்கடைக்கு உதவும். ஆனால் ஆடித் திருவிழாவின்போது கூட்டத்தினர் அனைவரின் செல்பேசிகளும் அதே கோபுரங்களையே பயன்படுத்தும். வணிகம் மிகுந்திருக்கும் அந்நாளில் காப்பு இணைப்பின் வேகம் குறைந்துவிடலாம்.

இணைப்பு வகைகள்

* ஒளியிழை: வேகம் மிக்கது, முதன்மை இணைப்புக்கு ஏற்றது. வடம் அறுந்தால் சீராக்க நேரம் பிடிக்கும்.
* செல்பேசி இணையம் (4ஜி, 5ஜி): நிறுவ எளிது, தரைவடத்தைச் சாராதது. தரவு அளவுக்கு வரம்பு உண்டு.
* நேர்ப்பார்வைக் கம்பியில்லா இணைப்பு: கூரையில் அலைவாங்கி பொருத்தப்படும். இடையில் மரமோ கட்டடமோ மறைத்தல் கூடாது.
* செய்மதி: தரைவழி ஏதுமற்ற இடங்களுக்கு உரியது. புவிநிலைச் செய்மதி ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால், வினாவுக்கு விடை திரும்ப அரை நொடி அளவு தாமதமாகும்.

தன்னியக்க மாற்றம்

இரு இணைப்புகளை ஏற்கும் திசைவி (ரவுட்டர்) குறித்த இடைவெளிகளில் சோதனைப் பொதிகளை அனுப்பிப் பார்க்கும். தொடர்ந்து சில பொதிகளுக்கு விடை வராவிட்டால் போக்குவரத்தைக் காப்பு இணைப்புக்கு மாற்றும். கடையிலுள்ள மோடத்தை மட்டும் சோதிப்பது போதாது; தெருமுனையில் வடம் அறுந்தாலும் மோடம் விடை தந்துகொண்டே இருக்கும். ஆகவே இணையத்தில் தொலைவிலுள்ள இரண்டு மூன்று முகவரிகளைச் சோதிக்குமாறு அமைக்க வேண்டும். முதன்மை இணைப்பு மீண்டதும் உடனே திரும்பாமல், சில நிமிடங்கள் அது நிலையாக உள்ளதா எனப் பார்த்துத் திரும்புதல் நன்று.

மாற்றத்தின்போது வெளி ஐ.பி. முகவரி மாறுவதால், நடந்துகொண்டிருக்கும் சில தொடர்புகள் அறுபடும். காப்பு இணைப்பில் பட்டியலிடல், பணம் பெறுதல் போன்ற இன்றியமையாப் பணிகளை மட்டும் அனுமதித்து, கண்காணிப்பு ஒளிப்படக்கருவி, மென்பொருள் இற்றைப்படுத்தல் ஆகியவற்றை நிறுத்திவைத்தால் தரவு வீணாகாது.

மதுரை வட்டார அனுபவங்கள்

அழகர்கோவிலுக்கு அருகிலுள்ள மேலூர் வட்டாரத்தில் 2001 இல் சாரி என்னும் ஊரக இணையத் திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., என்-லோக் நிறுவனம் முதலியன இதில் பங்கேற்றன. ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட் வேகம் தந்தது. பல ஊர்களின் மையங்கள் ஒரே தள நிலையத்தை நம்பியிருக்கும் இத்தகைய அமைப்பில், அந்நிலையம் நின்றால் எல்லா ஊர்களும் ஒருசேர இணைப்பை இழக்கும்.

2000களின் நடுப்பகுதியில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் சுற்றியுள்ள கண் பரிசோதனை மையங்களும் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியுடன் நெடுந்தொலைவு வை-ஃபை மூலம் இணைக்கப்பட்டன. ஊரில் இருந்தவாறே நோயாளி மருத்துவருடன் பேச இது வழிசெய்தது. பழுதுகளுக்குப் பெரும்பாலும் தரக்குறைவான மின்சாரமே காரணம் என அவ்வாய்வாளர்கள் 2008 இல் பதிவு செய்தனர். எனவே திசைவி, மோடம், ஒளியிழை முனையக்கருவி ஆகிய மூன்றையும் யூ.பி.எஸ். வழியே இயக்குவது காப்பு ஏற்பாட்டின் பகுதியே ஆகும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் மின்தடையில் இணைப்பு நின்றுவிடும்.

சோதித்தல்

பயன்படுத்தாமல் வைக்கப்பட்ட காப்பு இணைப்பு, தேவைப்படும் நாளில் இயங்காமல் போவதுண்டு. சிம் அட்டையின் செல்லுபடிக்காலம் முடிந்திருப்பது இதற்குப் பொதுவான காரணமாகும். மாதம் ஒருமுறை முதன்மை வடத்தைத் திசைவியிலிருந்து பிடுங்கி, ஒரு பட்டியலிட்டு, ஒரு சிறு தொகையை யு.பி.ஐ. மூலம் பெற்றுப் பார்க்க வேண்டும். பின்னர் மின்சாரத்தை நிறுத்தியும் இதே சோதனையைச் செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* திசைவி
* ஒளியிழை
* கடலடித் தொடர்பு வடம்
* தடையிலா மின்வழங்கி