அலையில்லாத கடற்கரை!

திருச்சிக்கு வடக்கே ஒரு கடற்கரை இருக்கிறது. அங்கே அலை இல்லை. உப்புக் காற்று இல்லை. படகும் வலையும் இல்லை. ஆனால் சிப்பி இருக்கிறது, கிளிஞ்சல் இருக்கிறது, கடல் வாழ் உயிர்களின் உடல்கள் கல்லாகிக் கிடக்கின்றன.

ஆம்! பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. இன்றைக்குச் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் புகுந்தது. பல முறை முன்னேறியும் பின்வாங்கியும், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகிப் போயிற்று. இன்று கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே நூறு கிலோமீட்டர் போக வேண்டும்!

கடல் ஏன் வந்தது? அந்தக் காலத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா, தென் துருவ நிலம் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்து, பிறகு பிரிந்தன. அப்படிப் பிரிந்த இடைவெளியில் கடல் நீர் உள்ளே வந்தது. அந்தப் பழைய கரையோரமாகக் குடும்பத்தோடு ஒரு நாள் காரிலோ வேனிலோ போய் வரலாம்.

கோட்டையில் தொடக்கம்

பயணத்தை ரஞ்சன்குடியில் தொடங்குங்கள். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில் கோட்டை தெரியும். கர்நாடக நவாபின் கீழிருந்த ஒரு ஜாகிர்தார் 17-ம் நூற்றாண்டில் கட்டியது. சுற்றிலும் அகழி. அடுக்கடுக்காக மதில்கள். அரை வட்டமான கொத்தளங்கள். 1751-ல் பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபும், ஆங்கிலேயர் துணையோடு முகமது அலியும் வாலிகண்டபுரம் பக்கத்தில் மோதிக்கொண்டார்கள். அந்தப் போரைப் பார்த்த கோட்டை இது.

மேலே ஏறித் தென்கிழக்கே பாருங்கள். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வயல்கள் தெரியும். நீங்கள் நிற்பது பழைய பாறை நிலம். பார்க்கும் திசையில்தான் கடல் கிடந்தது.

கல்லான மரம்

பெரம்பலூரைத் தாண்டித் தெற்கே சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் உள்ள ஊர். அங்கிருந்து கிழக்கே கிராமச் சாலைகளில் வழி கேட்டுக்கொண்டு போனால் சாத்தனூர் வரும். அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கும் மேல். தொட்டால் கல்!

பூக்காத மர வகையைச் சேர்ந்தது அது. கரையோரம் வளர்ந்த மரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்த்தது. சேறும் மணலும் மூடின. மண்ணிலிருந்த நீர் மெல்ல மெல்ல மரத்துக்குள் ஊறியது. நீரில் கரைந்திருந்த கல் சத்து, மரம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரத்தின் உருவம் நின்றது, மரம் கல்லாயிற்று. இப்படிக் கல்லானவற்றைப் 'புதைபடிவம்' என்கிறார்கள். 1940-ல் இந்த மரத்தைப் பற்றி உலகுக்குச் சொன்னவர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன்.

செம்மண் மேடுகள்

அடுத்தது காரை. இங்கே நிலம் கரடுமுரடானது. மழை அறுத்த ஓடைகளும், சிவந்த மேடுகளும், வெடித்த களிமண்ணுமாக வேற்று உலகம் போல் இருக்கும். வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடி போல மின்னும். துப்பாக்கித் தோட்டா போன்ற சிறு கற்களும் கிடைக்கும். அவை கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் உடற்பகுதி. நத்தை போல் சுருண்ட 'அம்மோனைட்' கற்களும் இந்தப் பகுதியில் உண்டு. வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் வைத்திருக்கிறீர்களா? நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அதுவும் அம்மோனைட்தான்!

2020-ல் குன்னம் பக்கம் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. அறிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள் என்று சொன்னார்கள்.

காரையில் நிழல் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள். குடிநீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் போக வேண்டாம், களிமண் வழுக்கும்.

சிப்பியில் கட்டிய வீடு

அங்கிருந்து அரியலூர். ஊருக்கு அருகே உள்ள கல்லங்குறிச்சியில் கடல் சிப்பிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து சுண்ணாம்புக்கல் ஆகியிருக்கின்றன. அரியலூரில் இத்தனை சிமெண்டு ஆலைகள் வந்ததற்கு இந்தச் சுண்ணாம்புக்கல்தான் காரணம். உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடலின் சிப்பி கலந்திருக்கக்கூடும்!

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. வழியில் கண்டதற்கெல்லாம் பிள்ளைகளுக்கு அங்கே விளக்கம் கிடைக்கும். மறக்காமல் போங்கள்.

எடுக்காதீர்கள்!

இந்த மண்ணின் பெருமை உலகம் அறிந்தது. 1840-களிலேயே இங்கே சிப்பிகளைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிறகு பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்துப் பிரித்தார். உலகத்து நிலவியல் நூல்களில் நம் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன.

ஆனால் நம்மிடம் எவ்வளவு மிஞ்சும்? அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, 1987-ல் ஒரு பெரிய டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் என்று எழுதினார்கள். இன்று அந்த எலும்புகள் இல்லை. நொறுங்கிப் போய்விட்டன. அது உண்மையில் என்ன விலங்கு என்று இனி எடுத்துப் பார்க்க வழியில்லை.

சுரங்கத்தில் பலருக்குப் பிழைப்பு இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு வருவதை நிறுத்தலாம் அல்லவா? ஒருவர் எடுப்பது ஒரு கல்தான். ஆயிரம் பேர் எடுத்தால் மேடே காலி! எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கல் பேசும். அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். படம் எடுக்கட்டும். பிறகு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். பல கோடி ஆண்டுகள் மண் காத்து வைத்த பொருள் அது. நம் பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கும் வரை நாம் காக்கக் கூடாதா?