வரிக் கடிதத்துக்கு மௌனம் பதிலாகாது

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கட்டளை அது. பிறநாட்டு வியாபாரிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவருக்கு.

பாதி என்பது பெரிய தொகைதான். ஆனாலும் அரசன் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவில் கை வைக்கக்கூடாது என்பது வியாபாரி பாய் விரிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்த விடயமாக இருந்தது. இன்றும் அப்படித்தான். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் எவ்வளவு கேட்கலாம், அதை நாம் எப்படி மறுக்கலாம், எத்தனை நாளுக்குள் மறுக்க வேண்டும் என்பதெல்லாம் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டத்தை நம்மில் பலர் கடிதம் வந்த பிறகும் எட்டிப் பார்ப்பதில்லை. கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று இருந்துவிடுகிறோம். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு வைக்கும் நம்பிக்கை என்பது நமக்குத் தெரியாததல்ல.

முப்பது நாள் கணக்கு

திணைக்களத்திலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே வகையல்ல. விபரம் கேட்டு வரும் கடிதம் ஒன்று. அதற்குப் பதில் கொடுத்தால் பல பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும். மற்றது வரி மதிப்பீட்டு அறிவித்தல். இன்ன வருடத்துக்கு இவ்வளவு வரி என்று தொகை போட்டு வருவது அதுதான். அந்தத் தொகை பிழை என்று கருதினால், அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கோரி எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மீளாய்வின் முடிவிலும் திருப்தி இல்லையென்றால், மீண்டும் 30 நாட்களுக்குள் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். இது 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்டது. அதற்கு அப்பால், சட்டப் பிரச்சினை இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை வழி உண்டு.

கொழும்பில் இருப்பவருக்கு 30 நாள் தாராளம். நெடுந்தீவில் இருப்பவருக்கு அப்படியல்ல. குறிகட்டுவான் வரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல், அங்கிருந்து பஸ், பிறகுதான் யாழ்ப்பாணத்தில் உள்ள பிராந்திய அலுவலகம். மாரிக் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. வருடாந்த வருமான விபரத் திரட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளான நவம்பர் 30 அந்த மாரியில்தான் விழுகிறது. ஆகவே தீவகத்து வியாபாரி தனது காலக்கெடுவை 30 நாள் என்று எண்ணாமல் 15 நாள் என்று எண்ணிக்கொள்வதே புத்தி. கடிதம் வந்த திகதியை உறையிலேயே எழுதி வையுங்கள். பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

நமது சமூகத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின் புத்தளத்தில் கடை போட்டவர்களில் சிலர் பிறகு யாழ்ப்பாணத்திலும் கடை திறந்தார்கள். வரிப் பதிவு புத்தளம் விலாசத்தில், வியாபாரம் வடக்கில் என்றால் அறிவித்தல் எங்கே போகும்? பூட்டிய வீட்டு வாசலுக்கு. கிடைக்கவில்லை என்று பிறகு நிரூபிப்பது மிகக் கஷ்டம். உங்கள் டின் இலக்கத்தில் எந்த விலாசம் பதிவாகியுள்ளது என்பதை இந்த வாரமே சரிபாருங்கள்.

கடிதம் விளங்காத மொழியில் வந்தால் தமிழில் பதில் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கேளுங்கள். ஆனால் தமிழ்ப் பிரதி வரும்வரை நாள் நிற்கும் என்று நினைத்துவிடாமல், மீளாய்வு விண்ணப்பத்தைக் காலத்துக்குள் போட்டுவிடுங்கள்.

காரணம் கேட்கலாம்

நாம் கொடுத்த கணக்கை அதிகாரி ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று கேட்பது திமிர் அல்ல. 1982ஆம் ஆண்டின் பெர்னாண்டோ எதிர் இஸ்மாயில் வழக்கில் நமது நாட்டின் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வரி செலுத்துபவரின் திரட்டை நிராகரிக்கும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும், அது விரும்பினால் செய்யும் காரியமல்ல, கட்டாயம் என்பது அந்தத் தீர்ப்பு. அன்றிருந்த சட்டம் மாறிவிட்டது. ஆனால் காரணம் சொல்லும் கடமை இன்றைய சட்டத்திலும் உண்டு. மீளாய்வு விண்ணப்பம் எழுதும்போது "வரி அதிகம், குறைத்துத் தாருங்கள்" என்று கெஞ்சி எழுதுவதில் பயனில்லை. அவர்கள் சொன்ன காரணம் எது, அது எங்கே பிழைக்கிறது, அதற்கு நமது ஆதாரம் எது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

வங்கியில் விழுந்ததெல்லாம் வருமானமா?

தீவகத்தில் பெரும்பாலான தகராறு இங்கேதான் வரக்கூடியது. ஊர்காவற்றுறையில் பலசரக்குக் கடை நடத்தும் ஒருவரை உதாரணமாக எடுப்போம். வருடத்தில் அவர் வங்கிக் கணக்கில் 90 இலட்சம் ரூபா விழுந்திருக்கிறது. அதில் 70 இலட்சம் கடை விற்பனை. 12 இலட்சம் பாரிஸில் இருக்கும் தம்பி வீடு கட்ட அனுப்பியது. 8 இலட்சம் முன்பு கொடுத்த கைமாற்று திரும்பி வந்தது. விற்பனையில் இலாபம் பத்து வீதம் என்றால் 7 இலட்சம். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி நிவாரணம் இருப்பதால் இவர் ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் தம்பியின் காசுக்கும் கைமாற்றுக்கும் ஆதாரம் இல்லையென்றால் அந்த 20 இலட்சமும் வருமானமாகக் கணக்கிடப்படலாம். அப்போது வருமானம் 27 இலட்சம். நிவாரணம் போக 9 இலட்சத்துக்கு 6 வீதப்படி 54,000 ரூபா வரி. சம்பாதிக்காத பணத்துக்கு வரி!

இதைத் தவிர்க்கப் பெரிய கணக்காளர் தேவையில்லை. தம்பியின் பணம் வங்கி வழியாக வந்த சீட்டும், அவரிடமிருந்து ஒரு கடிதமும் போதிய தொடக்கம். கைமாற்றுக்கு அன்றே எழுதிய கடன் சீட்டு வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் அல்பகரா 282ஆம் வசனம்தான் அல்குர்ஆனிலேயே நீளமான வசனம். அதை ஓதுகிறோம், ஆனால் "நம்மட ஆள்தானே" என்று எழுதாமல் விடுகிறோம்.

செலவுக்கும் இதே விதிதான். படகுக் கூலிக்கும், கரையில் வாங்கும் மீன், கருவாட்டுக்கும் யாரும் பில் தருவதில்லை. நாமே ஒரு வவுச்சர் எழுதி, திகதி, எடை, தொகை போட்டு, வாங்கியவரின் கையொப்பமும் அடையாள அட்டை இலக்கமும் எடுக்கலாம். கடைக் காசுக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக் காசுக்கு வேறொன்று வையுங்கள். புத்தகங்களை ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். 1990இல் கணக்குப் புத்தகத்தையும் உறுதியையும் விட்டுவிட்டு ஓடிய சமூகம் நாம். இப்போது கைத்தொலைபேசியில் படம் பிடித்து வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைப்பது சிரமமான காரியமல்ல.

கட்ட முடியாதபோது

வரி உண்மையிலேயே கட்ட வேண்டியதாக இருந்தால் பிணங்கிப் பயனில்லை. அந்த 54,000 ரூபாவையே பாருங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தாமதத்துக்கு மாதம் 1.5 வீத வட்டி, அதாவது முதல் மாதமே 810 ரூபா. காலம் கடந்தால் 20 வீதத் தண்டம் 10,800 ரூபா. கடைசியில் திணைக்களம் உங்கள் வங்கிக்கே அறிவித்தல் அனுப்பிக் கணக்கிலிருந்து அறவிடலாம். வட்டி வேண்டாம் என்று வங்கிக் கடன் எடுக்காமல் கஷ்டப்படும் நம்மவர், சோம்பலினால் அரசாங்கத்துக்கு வட்டி கட்டுவது என்ன நியாயம்?

கையில் முழுத் தொகை இல்லையென்றால், முடிந்ததைக் கட்டிவிட்டு மிகுதிக்குத் தவணை கேட்டு எழுதுங்கள். தொகையில் ஒரு பகுதி மட்டும் தகராறு என்றால், ஒப்புக்கொள்ளும் பகுதியை உரிய நாளில் கட்டி, தகராறான பகுதியை நிறுத்திவைக்குமாறு எழுத்தில் கேளுங்கள். ஸகாத் கொடுத்துவிட்டேனே என்று சொல்லி வரியைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டும் வேறு வேறு கடமைகள். அதிகாரியைக் "கவனித்து" முடிப்போம் என்று சொல்லும் தரகரிடம் போகாதீர்கள். அது ஹராம். அத்துடன் அந்தத் தரகர் உங்கள் கோவையை மூடப்போவதுமில்லை.

அதிகம் கேட்டால் மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. அதை எழுத்தில், ஆதாரத்தோடு, உரிய நாளுக்குள் கேட்பவருக்குத்தான் அந்த உரிமை பயன்படும். லாச்சிக்குள் பிரிக்காத உறை ஏதும் கிடந்தால், இன்று இஷாத் தொழுகைக்குப் பிறகு அதை எடுத்துத் திகதியைப் பாருங்கள்.