டிக்கெட் இல்லை, இலவசமும் இல்லை!

அமெரிக்காவில் ஒரு நாற்காலி 23 ஆயிரம் ரூபாய்! ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சாக்கு விரித்தால் போதும்!

மாலை நான்கு மணி. வெயில் இன்னும் தாழவில்லை. கோவிலுக்கு எதிரே பொட்டல் வெளி. அங்கே நாலைந்து பையன்கள் ஓடி வருகிறார்கள். ஒருவன் கையில் கோரைப்பாய். இன்னொருவன் தோளில் பழைய சாக்கு. மேடைக்கு முன்னால் பார்த்து, பாயையும் சாக்கையும் விரிக்கிறார்கள். நாலு மூலையிலும் நாலு கல்லைத் தூக்கி வைக்கிறார்கள்.

அவ்வளவுதான். இடம் ‘ரிசர்வ்’ ஆகிவிட்டது!

நாடகம் தொடங்க இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. ஆனால் தாமதமாக வந்தால் பின்னால்தான் உட்கார வேண்டும். பாட்டிக்குக் கண் தெரியாது. ஆகவே பேரன் முந்திக்கொண்டான்.

விருதுநகரில் இருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். வானம் பார்த்த பூமி. தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் வட்டாரம். இந்தப் பக்கத்து ஊர்களில் அம்மன் கோவில் பொங்கல் வந்தால், ஓர் இரவு நாடகத்துக்கு என்று ஒதுக்குவது பழைய வழக்கம்.

என்ன நாடகம்? பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’தான். பாட்டு உண்டு. ஆட்டம் உண்டு. வயிறு குலுங்கச் சிரிப்பும் உண்டு. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவும்போதுதான் கல்யாணம் முடியும்.

இத்தனைக்கும் டிக்கெட் என்ன விலை?

டிக்கெட்டே கிடையாது! வாசல் இல்லை, வாசல் காப்பவரும் இல்லை. அப்படியானால் இலவசமா? அதுவும் இல்லை! இது என்ன புதிர்?

ஒரு நாற்காலி 480 டாலர்!

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வருவோம்.

நியூயார்க் நகரில் பிராட்வே என்ற இடம் நாடகத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே 2001-ம் ஆண்டு ஏப்ரலில் ‘தி புரொடியூசர்ஸ்’ என்ற இசை நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. நாடகம் பிரமாத வெற்றி! ‘டோனி’ என்னும் பரிசுகளில் 12 பரிசுகளை அள்ளியது. அதற்கு முன் எந்த நாடகமும் அத்தனை பரிசு வாங்கியதில்லை.

டிக்கெட் விலை 100 டாலர் வரை ஏறியது. அப்படியும் கூட்டம் அலைமோதியது. கள்ள மார்க்கெட்டில் டிக்கெட் பல மடங்கு விலைக்குப் போனது. நாடகத்தை நடத்தியவர்கள் யோசித்தார்கள். அந்தப் பணம் கள்ள மார்க்கெட்காரருக்கு ஏன் போக வேண்டும்? நாமே வாங்கிக்கொள்வோமே! அதே ஆண்டு அக்டோபரில், நல்ல இடத்து நாற்காலிகள் சிலவற்றுக்கு 480 டாலர் என்று விலை வைத்தார்கள். அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 23,000 ரூபாய்!

இதில் ஒரு வேடிக்கை. அந்த நாடகத்தின் கதையே நாடகப் பணத்தைப் பற்றியதுதான். நொடித்துப்போன நாடக முதலாளி ஒருவர். அவருக்குத் துணை ஒரு கணக்குப்பிள்ளை. இருவரும் பலரிடம் தேவைக்கு மேல் பங்குப் பணம் வசூலிக்கிறார்கள். படுதோல்வி அடையும் நாடகமாகப் பார்த்துப் போட்டு, மீதிப் பணத்தை அமுக்கிவிடத் திட்டம். ஆனால் நாடகம் வெற்றி பெற்றுவிடுகிறது. இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள்!

நம் ஊரிலும் நாடகத்துக்குப் பலரிடம் பணம் வசூலிக்கிறார்கள். ஆனால் இங்கே கணக்கை அமுக்க முடியாது. ஏன் தெரியுமா? பணம் கொடுத்தவர் எல்லாரும் ஒரே ஊர்!

தலைக்கட்டு வரி

பொங்கல் சாட்டுவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். இந்த ஆண்டு என்ன செலவு? மேளம் எவ்வளவு? பந்தல் எவ்வளவு? வாணவேடிக்கை எவ்வளவு? நாடகம் எவ்வளவு? எல்லாவற்றையும் கூட்டுவார்கள். அதை ஊரில் உள்ள குடும்பங்களுக்குப் பிரிப்பார்கள். ஒரு குடும்பம் என்பது ஒரு தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் இவ்வளவு வரி என்று முடிவாகும்.

பிறகு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவார்கள்.

“என்ன அண்ணாச்சி, வரி?”

“சனிக்கிழமை சம்பளம் வாங்கித் தந்துவிடுகிறேன் தம்பி.”

இப்படி வாயால் சொன்ன சொல்லுக்கு நோட்டில் ஒரு குறி விழும். சனிக்கிழமை அது பணமாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 300 தலைக்கட்டு என்று வைத்துக்கொள்வோம். வரி 500 ரூபாய் என்றால் மொத்தம் 1,50,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு நாடகத்துக்கு என்றால் 50,000 ரூபாய். ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் ஊரில் 1,200 பேர். தலைக்கு விழுவது சுமார் 42 ரூபாய். எட்டு மணி நேர நாடகம். மணிக்கு முழுதாக ஆறு ரூபாய்கூட ஆகவில்லை!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கத்து ஊரில் இருந்து நடந்து வருகிறவர்கள் ஒரு பைசா கொடுப்பதில்லை. அவர்களை யாரும் தடுப்பதும் இல்லை. அடுத்த வாரம் அந்த ஊரில் நாடகம் நடந்தால் இவர்கள் போவார்கள். கடன் அப்படித் தீர்ந்துவிடும்.

நகரத்தில் டிக்கெட் போட்டு நாடகம் நடத்துகிறவர்களுக்கு வேறு கணக்கு. மண்டப வாடகை, விளம்பரம் எல்லாம் டிக்கெட்டில்தான் வர வேண்டும். தலைக்கு 500 ரூபாய் வரையுள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. முதலில் 250 ரூபாயாக இருந்த இந்த வரம்பு 2018 ஜனவரியில் 500 ஆனது.

‘ஸ்பெஷல்’ ஏன்?

இந்த நாடகத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். ஒரே கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் நடிகர்கள் அல்ல இவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே, அந்த ஓர் இரவுக்கு என்று ‘ஸ்பெஷலாக’ ஏற்பாடு செய்வார்கள். ராஜபார்ட் ஓர் ஊரில் இருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊர். நாரதர் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறு திசையில் இருந்து பஸ் ஏறி வரும்.

ஒத்திகை கிடையாது! சில சமயம் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான், “இன்று நீங்களா வள்ளி?” என்று தெரியவரும். இருந்தாலும் நாடகம் தட்டாமல் போகும். எப்படி?

அதற்குக் காரணம் ஒரு பெரியவர். சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் 1867-ல் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று பல நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதி வைத்தார். 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்கள். 1922-ல் அவர் காலமானார். ஆனால் அவர் போட்ட பாதையில்தான் இன்றும் வள்ளியும் வேலனும் நடக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். அதனால்தான் முன்பின் பார்க்காதவர்கள்கூட மேடையில் மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறார்கள்!

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. கலைஞர்களைத் தேடி ஊர்க்காரர்கள் அங்கே போவார்கள். தேதி சொல்லி முன்பணம் கொடுப்பார்கள். பிறகு நோட்டீஸ் அச்சாகும். நடிகர்களின் படங்களோடு, வண்ண வண்ணமாக. அச்சுக்குப் பேர் போன சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நோட்டீசுக்கு என்ன குறை?

சிவகாசிக்கு இந்த மேடையில் வேறொரு பெருமையும் உண்டு. நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் 1886-ல் பிறந்தது சிவகாசியில்தான். வேலன் வேடத்தில் வந்து வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடுவார். பல முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-ந் தேதி இரவு, சென்னையில் வள்ளி திருமணம். முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது! திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது.

யானை வரவில்லை, ஆனால் வந்துவிட்டது!

சரி, இந்த நாடகத்தில் காட்சி ஜோடனை எப்படி?

முன்பு ஆர்.எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ முதலிய நாடகங்களைப் போட்டார். பெரிய பெரிய அரங்கம், தந்திரக் காட்சிகள், கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகங்களும் அப்படித்தான். அவை கம்பெனி நாடகங்கள். லாரி லாரியாகச் சாமான் போகும்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு லாரி வேண்டாம். பின்னால் ஒன்றிரண்டு படுதா. வர்ணத்தில் காடு, அரண்மனை, தெரு. முன்னால் மைக். பக்கவாட்டில் பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், ‘ஆல்ரவுண்ட்’. இந்த ஆல்ரவுண்ட்காரர் இருக்கிறாரே, அவர் ஒரே ஆளாகப் பல வேலை செய்வார். பபூன் கீழே விழுந்தால் ‘டமார்’ என்று தாளம் தட்டுவார். கண் சிமிட்டினால் ‘டிங்’ என்பார். பாதிச் சிரிப்பு அவரால்தான் வரும்.

உடையும் மேக்கப்பும் அவரவர் சொந்தம். முருகனின் ஜரிகை உடையும் கிரீடமும் அவர் பெட்டியிலேயே வரும். ஒரு நல்ல உடை தைக்கப் பல நாள் சம்பளம் போய்விடும்.

பத்து மணிக்கு முதலில் வருகிறவர் பபூன். பாடுவார், ஆடுவார். அந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கேலி பேசுவார். பஸ், தண்ணீர்க் குழாய், பட்டாசு எதுவும் தப்பாது. பிறகு டான்ஸ் ஆடும் பெண் வருவார். இருவருக்கும் போட்டிப் பாட்டு. அமர்க்களம்! நள்ளிரவில் தினைப்புனத்து வள்ளி வருவாள். நாரதரோடு தர்க்கம். பின்னர் வேடனாக, கிழவனாக முருகன். சின்னப் பிள்ளைகள் அதற்குள் தாய் மடியில் தூங்கிவிடும்.

விடியும் நேரத்தில் யானை வர வேண்டும். மேடையில் யானை ஏது? வள்ளி அலறிக்கொண்டு ஓடுகிறாள். டோலக் அதிர்கிறது. தூங்கிய பிள்ளை திடுக்கிட்டு எழுந்து, “யானை எங்கே?” என்று கேட்கிறது. யானை வந்துவிட்டது! இதற்கு எத்தனை டாலர் கொடுப்பது?

ஆறு மாதச் சம்பளம். பன்னிரண்டு மாதச் சாப்பாடு

மேடையில் சிரிப்பு. மேடைக்குப் பின்னால் கவலை.

மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைதான் திருவிழாக்காலம். அந்த மாதங்களில் ஒவ்வோர் இரவும் ஓர் ஊர். பகலில் பஸ்ஸில் தூக்கம். மழைக்காலம் வந்தால் மேடை இல்லை. ஆறு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அதில்தான். பெண் கலைஞர்கள் பாடு இன்னும் கஷ்டம். இரவெல்லாம் வெளியூரில் ஆடுகிறாள் என்று ஊர் பேசும். ஆனால் பல வீடுகளில் அடுப்பு எரிவது அவள் கொண்டுவரும் பணத்தில்தான்.

2020 மார்ச் 25-ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பங்குனி பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. திருவிழாக்கள் நின்றன. ஒரு மாதச் சம்பளம் போகவில்லை. அந்த ஆண்டுச் சம்பளமே போனது! 2021 கோடையிலும் அதே கதை. உடைப் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போன கலைஞர்கள் உண்டு.

தொல்லை வேறும் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ம் ஆண்டின் விதி. சில விழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசாங்கம் தளர்த்தலாம். தூங்குகிறவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நல்ல விதிதான். ஆனால் பத்து மணிக்குத் தொடங்குவதே இந்த நாடகம்! வள்ளிக்குக் கல்யாணம் நள்ளிரவுக்குள் நடந்தாக வேண்டும் என்றால், நாரதரின் தர்க்கத்தை எங்கே வெட்டுவது?

ஊர்க் கூட்டத்திலும் ஒரு சண்டை நடக்கும். “நாடகம் எதற்கு? லைட் மியூசிக் வைப்போம், ஆடல் பாடல் வைப்போம்” என்பார்கள் இளைஞர்கள். “அம்மனுக்கு வள்ளி திருமணம் போடாமல் இருப்பதா?” என்பார்கள் பெரியவர்கள். வரிப் பணம் ஒன்றுதான். அது எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கத்துக் கலைஞன் வீட்டில்தான் அன்று உலை கொதிக்கும்.

சில ஊர்களில் சமாதானம் ஆகிவிடுகிறது. ஓர் இரவு பாட்டுக் கச்சேரி. ஓர் இரவு நாடகம். இளைஞர்களும் நாடகத்துக்கு வருகிறார்கள். பபூன் முடியும் வரை இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் உட்காருகிறார்கள். வள்ளி பேச ஆரம்பித்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை!

விடிந்துவிட்டது. மாலை மாற்றியாயிற்று. பாயைச் சுருட்டிக்கொண்டு சனங்கள் வீடு திரும்புகிறார்கள். முருகன் முகத்து வர்ணத்தைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைக்கிறார். அவருக்கு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இன்று இரவு வேறு ஊர், வேறு வள்ளி.

நோட்டுப் புத்தகத்தோடு ஊர்ப் பெரியவர் வந்து பணத்தை எண்ணிக் கையில் கொடுக்கிறார். அந்த நோட்டுகளில் பட்டாசு ஆலைக் கூலி இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டிய காசு இருக்கிறது. பாட்டி முந்தானையில் முடிந்து வைத்த பணமும் இருக்கிறது. இந்த நாடகத்தின் டிக்கெட் அதுதான்.