பந்தும் தந்தியும்

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்ற பழமொழியை உபாத்தியாயர்களாகிய நாங்கள் உபயோகிக்கும் அளவுக்கு வேறு யாரும் உபயோகிப்பதில்லை. சில வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன் கூடைப்பந்தும் ஆடுவான், மிருதங்கமும் வாசிப்பான். சனிக்கிழமை காலையில் அவனுக்கு மிருதங்கப் பாடம். பள்ளியில் பந்தாட்டப் பயிற்சியும் அதே வேளையில்தான். "இரண்டில் ஒன்றை விட்டுவிடு, அப்பா" என்றேன். அவன் மிருதங்கத்தை விட்டான். மறு வருஷம் பந்தையும் விட்டான். நான் சொன்னது நல்ல புத்திமதி என்றே வெகு நாள் எண்ணியிருந்தேன். வேமன் டிஸ்டேல் என்னும் அமெரிக்கரின் வரலாற்றை அறிந்த பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது.

டிஸ்டேல் 1964-ஆம் வருஷம் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் பிறந்து, ஓக்லஹோமா ராஜ்யத்து டல்ஸா நகரில் வளர்ந்தவர். தந்தையார் கிறிஸ்தவ தேவாலயத்துப் போதகர். அந்தத் தேவாலயமே பிள்ளைக்குச் சங்கீதப் பள்ளிக்கூடமாயிற்று. அவர் கைக்கொண்ட வாத்தியம் 'பேஸ் கிட்டார்'. கச்சேரியில் முன்னால் நின்று ஜொலிக்கும் வாத்தியமன்று அது. கீழ் ஸ்தாயியில் ஒலித்து, மற்ற வாத்தியங்களைத் தாங்கிச் செல்வது. குருவில்லாமல் தாமாகவே பழகினார். இடது கைக்காரராதலால், கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தே வாசித்தார்.

உயரமோ 6 அடி 9 அங்குலம்! அத்தகைய பையனைப் பந்தாட்டக்காரர்கள் விட்டுவிடுவார்களா? ஓக்லஹோமா சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஆடிய மூன்று பருவங்களில் 2,661 புள்ளிகள் குவித்தார். மூன்று வருஷமும் தேசத்தின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் வரிசையில் இடம் பெற்றார்.

இங்கேதான் என் மனத்தைத் தைத்த விஷயம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டல்ஸாவுக்குச் சென்று, தந்தையாரின் தேவாலயத்தில் கிட்டார் வாசிக்க வேண்டும். சர்வகலாசாலையிலிருந்து அவ்வூர் சுமார் 200 கிலோமீட்டர் தூரம். குழுவின் பயிற்சியாளர் பில்லி டப்ஸ் என்ன செய்தார்? "கிட்டாரா, பந்தா?" என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நேரத்தை அந்த மாணவருக்காக மாற்றி அமைத்தார். எனக்குத் தோன்றாத யோசனை அவருக்குத் தோன்றியிருக்கிறது!

1984-ஆம் வருஷம் லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்கக் குழுவில் டிஸ்டேலும் ஒருவர். மறு வருஷம் தொழில்முறை ஆட்டத்தில் புகுந்து, 12 பருவங்கள் ஆடினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1995-இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. 1997-இல், பந்தை வைத்துவிட்டு முழு நேர ஜாஸ் வித்வானாகிவிட்டார். கைதட்டலும் பெரும் பணமும் தரும் ஆட்டத்தை விட்டுப் புதிய துறையில் அடியெடுத்து வைக்கத் துணிவு வேண்டுமல்லவா? அந்தத் துணிவு பால்யத்திலிருந்தே விடாது செய்த சாதகத்தின் பயன்.

பிறகு வந்தது சோதனை. 2007-ஆம் வருஷம் மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தது. பரிசோதித்த வைத்தியர்கள் முழங்காலில் புற்றுநோய் இருப்பதைக் கண்டார்கள். வியாதியோடு போராடிக்கொண்டே அவர் தயாரித்த இசைத்தொகுப்பு 2008-இல் வெளிவந்தது. அதன் பெயர் 'ரீபவுண்ட்'. குறி தவறி வளையத்தில் மோதித் திரும்பும் பந்தை எம்பிப் பிடிப்பதற்குக் கூடைப்பந்தில் வழங்கும் சொல் அது. தவறிய பந்தோடு ஆட்டம் முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த ஆட்டக்காரர் அறிவார். அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் அவருடைய வலது காலின் ஒரு பகுதியை எடுத்துவிட நேர்ந்தது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டார். தம்மைப் போல் கால் இழந்தோருக்கு உதவ ஒரு தரும ஸ்தாபனமும் தொடங்கினார். 2009-ஆம் வருஷம் மே 15-ஆம் தேதி காலமானபோது அவருக்கு வயது 44. ஓடிய கால் போன பின்பும் மீட்டிய விரல்கள் அவரைக் கைவிடவில்லை.

இந்த வருஷம் இன்னொரு மாணவனின் தகப்பனார் என்னிடம் வந்தார். "ஸார், பையன் புல்லாங்குழலும் கற்கிறான், உங்கள் குழுவிலும் ஆடுகிறான். எதை நிறுத்தலாம்? நீங்களே சொல்லுங்கள்" என்றார். பழமொழி நாக்கு நுனி வரையில் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"ஒன்றையும் நிறுத்த வேண்டாம். பயிற்சியைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிவிடுகிறேன்" என்றேன்.

மிருதங்கத்தை விட்ட அந்தப் பழைய மாணவனைக் கண்டால், அவனிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அது புத்திமதி அன்று.